கானாடுகாத்தானில் நான்கு நாள்

யாத்திரை போகிறவன் இரவில் தலைசாய்ப்பதற்கு நம் தேசத்தில் நெடுங்காலமாக மூன்று இடங்களே இருந்து வந்தன: உறவினர் வீடு, சத்திரம், ஹோட்டல். உறவினர் வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் மூன்றாம் நாள் விடிந்ததும், அந்த அன்பை மேலும் சோதிப்பது நியாயமல்ல என்று இரு தரப்பாருக்கும் தோன்றத் தொடங்கிவிடும். சத்திரத்தில் இடம் உண்டு. அதற்குமேல் எதையும் எதிர்பார்ப்பது சத்திரம் கட்டிய புண்ணியவானுக்குச் செய்யும் அநியாயம். ஹோட்டலில் சகல சௌகரியங்களும் உண்டு. ஊர் மட்டும் இராது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டால், நாம் இருப்பது திருநெல்வேலியா, தில்லியா என்று சுவரைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சமீப காலத்தில் நான்காவது வழி ஒன்று ஏற்பட்டிருக்கிறது. யாரோ ஒருவருடைய பூர்வீக வீட்டைச் சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, ஊராரில் ஒருவர்போல இருந்துவிட்டு வருவதே அது. ஐரோப்பாவில், முக்கியமாக இத்தாலி தேசத்தின் தென்பகுதிக் கிராமங்களில், இது ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. நம் பக்கத்தில் இதற்கு மிகவும் பொருத்தமான பிரதேசம் செட்டிநாடு. அங்கே நான்கு நாள் தங்கிவிட்டு வந்தோம். அப்படிப்பட்ட வீட்டை அனுபவிப்பது எப்படி என்பதோடு, அதை நடத்துவது எப்படி என்பதையும் ஓரளவு பார்த்தோம். முதல் விஷயம் சந்தோஷத்தைக் கொடுத்தது. இரண்டாவது விஷயம் யோசனையைக் கொடுத்தது. இரண்டையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

புறப்பாடு

நாங்கள் வசிப்பது திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, தஞ்சாவூர்ச் சாலையில் உள்ள காட்டூர். பெயரில் காடு இருக்கிறதேயன்றி ஊரில் இல்லை. விடியற்காலை முதல் நள்ளிரவு வரையில் பஸ்களின் ஊதலொலியே எங்களுக்குக் குயிலின் கூவல். அரைப் பரீட்சை முடிந்து, விடைத்தாள் கட்டுகளைத் திருத்தி ஒப்படைத்த மறுநாள், இரண்டு உபாத்தியாயர் குடும்பங்களாக ஒன்பது பேர் புறப்பட்டோம். இரண்டு குடும்பங்கள் சேர்ந்ததற்குச் சிநேகம் ஒரு காரணம். வாடகை மற்றொரு காரணம். பெரிய கம்பெனிகள் விடுதியாக நடத்தும் மாளிகைகளின் கட்டணம் உபாத்தியாயர் சம்பளத்துக்கு எட்டாது. எங்களுக்குக் கிடைத்தது, ஒரு குடும்பத்தார் தாங்களே நடத்தும் வீட்டில் மூன்று அறைகள்.

திருச்சியிலிருந்து காரைக்குடிக்குப் போகும் ரயிலில் ஏறினால், புதுக்கோட்டை, திருமயம் ஆகிய ஊர்களைத் தாண்டிச் 'செட்டிநாடு' என்ற பெயருடைய ஸ்டேஷனிலேயே இறங்கலாம். பிள்ளைகளுக்குத் திருமயம் கோட்டையைக் காட்ட வேண்டும் என்பதற்காக நாங்கள் சாலை மார்க்கமாகப் போனோம். கோட்டையின் மீது ஏறி நின்று தெற்கே பார்த்தால் பூமியின் நிறம் மாறியிருப்பது தெரிகிறது. காவேரிக் கரையில் வளர்ந்த கண்களுக்கு அது முற்றிலும் வேறொரு சீமை. செம்மண்ணும், சரளைக்கல்லும், முட்புதர்களும் தவிர வேறொன்றும் காணோம். வற்றாத ஆறு என்பதே கிடையாது. மழை பெய்தால் கண்மாயும் ஊருணியும் நிறையும். பெய்யாவிட்டால் வானத்தை நோக்க வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட பூமியில் சற்று தூரம் சென்று, பெரிய சாலையிலிருந்து விலகி ஊருக்குள் நுழைந்தவுடனே, பிள்ளைகள் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பிள்ளைகள் பேசுவதை நிறுத்துவது எவ்வளவு அபூர்வம் என்பதை எங்களைப்போல் அறிந்தவர் யார்? கோடு கிழித்தாற்போன்ற நேரான தெருக்கள். இரு புறமும் மதில் மதிலாக மாளிகைகள். உச்சியிலே கஜலக்ஷ்மி, அப்பால் தேவமாதர், அதற்கும் அப்பால் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய், எல்லாம் சுதைப் பொம்மைகள்! ஊரின் நடுவில், ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை நிற்கிறது. ஆனால் தெருவில் நடமாட்டம் மட்டும் இல்லை. பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் கதவு திறந்திருந்தால் அதிகம்.

வீட்டின் அமைப்பு

நாங்கள் தங்கிய வீட்டின் முன்வாசல் ஒரு தெருவில். பின்வாசல் அடுத்த தெருவில். செட்டிநாட்டில் வீடு என்றால் இப்படித்தான் என்று சொன்னார்கள். முன்வாசலில் நின்று பார்த்தால், கதவுக்குப் பின்னால் கதவாக, ஒளியும் நிழலும் மாறி மாறி, பின்வாசல் வரையில் ஒரே நேர்கோடாகத் தெரிகிறது.

முதலில் முகப்பு. இரு பக்கமும் உயர்ந்த திண்ணைகள். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள். ஒருவர் கட்டிப் பிடித்தால் கை எட்டாது. தரையில் இத்தாலி தேசத்துப் பளிங்கு. முன்னொரு காலத்தில் இங்கே கணக்குப் பெட்டிகளும் கணக்கப்பிள்ளைகளும் இருந்தார்களாம். அடுத்தது வளவு: நடுவில் திறந்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். மணமான பிள்ளை ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை. அதில் அவன் சாமான்கள் இருக்கும். பூட்டும் சாவியும் அவனுடையவை. நகரத்தார் சமூகத்தில் மணமான தம்பதியை ஒரு 'புள்ளி' என்று கணக்கிடுவார்கள். கலியாணமாகிச் சில காலத்துக்கெல்லாம் புதுத் தம்பதியை 'வேறு வைப்பது' வழக்கம். அதாவது, ஒரே கூரையின் கீழ்த் தனி அடுப்பு. கூடி வாழ்வதற்கும் பிரிந்து வாழ்வதற்கும் நடுவில் இவ்வளவு சாமர்த்தியமான ஏற்பாடு வேறெங்காவது உண்டா என்று எங்களில் இருந்த மாமியார்களும் மருமகள்களும் ஏககாலத்தில் வியந்தார்கள்.

அதற்கு அப்பால் இரண்டாம் கட்டு, பந்தி பரிமாறும் இடம். மூன்றாம் கட்டில் சமையல், ஆட்டுக்கல், உரல், கிணறு. சுவர்கள் கண்ணாடிபோல் மின்னுகின்றன. சுண்ணாம்பை அரைத்து, முட்டையின் வெண்கருவும் கடுக்காய் நீரும் சேர்த்து, பூச்சுக்குமேல் பூச்சாகத் தேய்த்து மெருகிட்ட வேலை அது. தொட்டால் கோடையிலும் குளிர்ந்திருக்கும் என்றார்கள். நாங்கள் போனது மார்கழி. தொட்டவுடன் கையை எடுத்துக்கொண்டோம்.

செல்வம் வந்த வழி

இந்த வறண்ட பூமியில் இவ்வளவு செல்வம் எங்கிருந்து வந்தது? கடல் கடந்து வந்தது. இலங்கை, மலேயா, எல்லாவற்றுக்கும் மேலாகப் பர்மா ஆகிய தேசங்களில் நகரத்தார் வட்டிக்கடை நடத்தினார்கள். ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் வாழ்ந்த இடத்துக்குக் 'கிட்டங்கி' என்று பெயர். ஒரே கூடத்தில் பல கடைகள். ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு பாய். பகலில் பெட்டியே கடை; இரவில் பாயே படுக்கை. மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊர் திரும்புவார்கள். அங்கே பாயில் படுத்துச் சேர்த்த பணம்தான் இங்கே தேக்குத் தூணாகவும் பெல்ஜியம் கண்ணாடியாகவும் ஆயிற்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940 வரையில் கட்டியவை இந்த மாளிகைகள். கட்டியவர்கள் இவற்றில் வாழ்ந்த நாட்களைக் காட்டிலும் கிட்டங்கியில் வாழ்ந்த நாட்களே அதிகமாயிருக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1930-ஐ ஒட்டி உலகெங்கும் நெல் விலை விழுந்தபோது, பர்மியக் குடியானவர்கள் கடனைத் தீர்க்க முடியாமல் நிலத்தை இழந்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் 1930-இல் 100-க்கு 6 பங்கு நிலமே செட்டியார்கள் வசம் இருந்தது; 1938-இல் அது 100-க்கு 25 பங்காயிற்று. அவர்கள் கேட்டது ரொக்கம். கிடைத்தது நிலமும் விரோதமும். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். 1948-இல் பர்மா சுதந்தரமடைந்து, நிலங்களைத் தேசவுடைமையாக்கச் சட்டம் செய்தது. செட்டிநாட்டுக்கு வந்துகொண்டிருந்த செல்வ ஆறு வற்றிவிட்டது. தூணின் அழகை ரசிக்கும்போது, அந்தத் தேக்கோடு சேர்ந்து வந்த கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

1927-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் காந்தியடிகள் இந்தப் பக்கம் சுற்றுப்பிரயாணம் செய்தார். அயல்நாட்டுச் சாமான்களால் வீடுகளை நிரப்பியிருப்பதைப் பற்றி அவர் ஒளிவுமறைவின்றிக் கடிந்துகொண்டார். இன்று அந்தக் கண்ணாடிகளும் சரவிளக்குகளும் பெரும்பாலும் போய்விட்டன. நம் ஊர்க் கொத்தன் பூசிய சுவரும், நம் ஊர்த் தச்சன் செதுக்கிய நிலையும் நிற்கின்றன. அடிகள் இருந்தால் எதைப் பார்த்துப் புன்னகை செய்திருப்பார் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

பூட்டிய அறை

வீட்டைக் கவனித்துக்கொள்பவர் ஒரு வயதான காரியஸ்தர். வீட்டுக்குடையவர்களில் ஒருவரான ஆச்சி, இரண்டாம் கட்டில் ஓர் அறையிலேயே வசிக்கிறார். எழுபது பிராயத்துக்கு மேல் இருக்கும். விடியற்காலையில் அவர் கோலம் போடும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுவிடுவார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் பெருமழை பிடித்துக்கொண்டது. நான்கு தாழ்வாரங்களிலிருந்தும் தண்ணீர் திரையாக வளவின் முற்றத்தில் விழுந்தது. மூலைகளில் அண்டாக்களை வைத்துத் தண்ணீர் பிடித்தார்கள். பிள்ளைகள் நனைந்து கூத்தாடினார்கள். அந்தச் சத்தத்தின் நடுவில், வேறொரு சத்தம் எங்கள் காதில் விழுந்தது. வளவின் தென்கோடியில் பூட்டியிருந்த ஓர் அறைக்குள்ளே சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"அறையைத் திறந்து ஒரு பாத்திரமாவது வைக்கக் கூடாதா?" என்று காரியஸ்தரைக் கேட்டோம்.

"சாவி இங்கே இல்லை, வாத்தியாரய்யா. அது வேறு பங்காளியுடைய அறை. சாவி சிங்கப்பூரில் இருக்கிறது" என்றார்.

அப்போதுதான் விஷயம் விளங்கிற்று. வீட்டைக் கட்டியவர் ஒருவர். அவர் பிள்ளைகள் நால்வர். அவர்களுடைய பிள்ளைகள், பேரர்கள் என்று இன்று அந்த வீட்டுக்குப் பல பங்காளிகள். சிலர் சென்னையில், சிலர் கோயம்புத்தூரில், சிலர் கடலுக்கப்பால். ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் எல்லோரும் சம்மதிக்க வேண்டும், விற்பதற்கும் அப்படியே. சம்மதம் கூடி வருவதற்குள் கறையான் தன் பங்கைப் பிரித்துக்கொண்டுவிடுகிறது. சம்மதம் கூடி வந்தாலும் பல சமயங்களில் அது இடிப்பதற்காகவே கூடுகிறது. தூண், நிலை, கதவு, தரைக்கல் யாவும் தனித்தனியே விலைபோகும். காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் மறுநாள் நடந்தோம். ஒரு கடையில், வாசற்கால் நிலைகள் சுவரோரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எத்தனை மணப்பெண்கள் அவற்றில் தலை குனிந்து நுழைந்தார்களோ! இப்போது அவற்றைத் தாண்டி யாரும் எந்த வீட்டுக்குள்ளும் போக முடியாது.

இந்த வீட்டிலும் தூண்களுக்கு விலை பேச வியாபாரிகள் வந்தார்களாம். ஆச்சிதான் மறுத்துவிட்டார். தம் பங்குக்கும், சம்மதம் கொடுத்த மற்றப் பங்காளிகளின் பங்குக்கும் சேர்த்து ஆறு அறைகளைச் சீர்ப்படுத்தி விருந்தினருக்கு விடத் தொடங்கினார்.

"அந்நியருக்கு வீட்டை வாடகைக்கு விட்டாச்சு என்று ஊரிலே பேசினார்கள், தம்பி. எனக்கும் முதலில் மனசு ஒப்பவில்லை. ஆனால் நாலு பேர் வந்தால்தானே ஓடு மாற்றப் பணம் வருகிறது? பூட்டிக் கிடந்தபோது வௌவால்தான் குடியிருந்தது. அது வாடகை கொடுத்ததா?" என்று எங்களைக் கேட்டார்.

இதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை.

வீட்டை நடத்துதல்

இத்தகைய வீட்டை நடத்துவது லேசான காரியமல்ல. காரியஸ்தரிடம் உட்கார்ந்து கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம். ஐப்பசிக்கு முன்னால் கூரை முழுவதையும் பார்த்து, உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும். பழைய அளவு ஓடு எளிதில் கிடைக்காது. இடிக்கிற வீடுகளிலிருந்து வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டும். மரத்துக்கு எண்ணெய், கறையானுக்கு மருந்து, சுண்ணாம்புப் பூச்சுக்குக் கைதேர்ந்த கொத்தன் ஆகிய எல்லாம் வருஷந்தோறும் வேண்டும். பூச்சு விழுந்த இடத்தில் சிமென்டை அப்பினால் உள்ளே ஈரம் தங்கிச் சுவரையே தின்றுவிடும். அந்தக் காலத்து வீட்டில் குளியலறை பின்கட்டில்தான். இந்தக் காலத்து விருந்தினருக்கு அறைக்குள்ளேயே வேண்டும். தேக்குத் தரைக்கும் தூணுக்கும் பழுதில்லாமல் குழாய் கொண்டுவருவதுதான் எல்லாவற்றிலும் பெரிய செலவு. விருந்தினர் கூட்டம் மார்கழி, தை, மாசி மாதங்களில்; சித்திரை, வைகாசியில் ஈ காக்கை வராது. ஆனால் பெருக்குகிறவளுக்கும் சமைக்கிறவருக்கும் பன்னிரண்டு மாதமும் வயிறு உண்டு. அயல்நாட்டார் தங்கினால் அவர்களைப் பற்றிய விவரங்களை 24 மணி நேரத்துக்குள் சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதில் பாதி கூரைக்கே போகிறது என்று கணக்குப் புத்தகத்தைக் காட்டினார். கணக்கு எழுதுவதில் அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல இயலுமா?

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பிள்ளைகள் எங்களை மன்னிக்கமாட்டார்கள். காலையில் வெள்ளைப் பணியாரமும் காரச் சட்டினியும். மாலையில் மசாலாச் சீயம். ஒரு நாள் கவுனி அரிசி. இந்தக் கறுப்பு அரிசி பர்மாவிலிருந்து வந்து செட்டிநாட்டுக் கலியாணப் பந்தியில் நிலைபெற்றது. தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்து இலையில் வைத்தபோது, பர்மாவிலிருந்து வந்தவற்றில் வட்டியில்லாத லாபம் இது ஒன்றுதான் என்று எங்கள் நண்பர் சொன்னார்.

மூன்றாம் நாள் ஆத்தங்குடிக்குப் போய்த் தரைக்கல் செய்வதைப் பார்த்தோம். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, வர்ணச் சாந்தைக் கரண்டியால் ஊற்றிப் பூ வரைகிறார்கள். அதன்மேல் மணலும் சிமென்டும் இட்டு அழுத்தி, உலர்த்தி, பல நாள் தண்ணீரில் ஊறவைக்கிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியைப் பிரித்தெடுத்தால் கல்லும் கண்ணாடிபோலவே பளபளக்கிறது. வெறுங்காலோடு நடக்க நடக்கத்தான் இந்தக் கல்லுக்கு மெருகு ஏறும். பூட்டிய வீட்டில் கிடக்கும் ஆத்தங்குடிக் கல் மங்கிவிடும். இதை எங்களுக்குச் சொன்னவர் கல் வார்க்கும் தொழிலாளி. ஆனால் எங்களுக்கு ஆச்சியின் ஞாபகம் வந்தது.

இத்தாலியிலிருந்து ஒரு பாடம்

அன்று இரவு முகப்பில் உட்கார்ந்திருக்கையில், பிள்ளைகளில் ஒருவன், "இந்தப் பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது என்கிறார்களே, அங்கேயும் இப்படிப் பூட்டிய வீடுகள் உண்டா?" என்று கேட்டான். இத்தாலியைப் புத்தகத்திலும் படத்திலும் மட்டுமே பார்த்தவர்கள் நாங்கள். ஆயினும் உபாத்தியாயர்கள் அதற்காக மௌனம் சாதிப்பது வழக்கமில்லை அல்லவா?

உண்டு. தென் இத்தாலியிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் ஊரை விட்டுக் கடல் கடந்து போனார்கள். ஒரு வித்தியாசம்: நம்மவர் மூலதனத்தோடு போனார்கள், அவர்கள் பசியோடு போனார்கள். பூலியா மாகாணத்தில் அல்பெரொபெல்லோ என்ற ஊரில், சாந்தே இல்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிக் கூம்புபோல் கூரை எழுப்பிய 'துருல்லி' என்னும் குடிசைகள் இருக்கின்றன. வரி வசூலிக்க அதிகாரி வரும் செய்தி கேட்டால் கூரையைப் பிரித்துவிடலாம் என்பதற்காகவே அப்படிக் கட்டினார்கள் என்பது அவ்வூரார் சொல்லும் கதை. குடியானவர்களின் அந்தக் குடிசைகள் 1996-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இன்று அவற்றில் பல, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகை வீடுகள்.

மதேரா என்ற ஊரின் கதை இன்னும் விசேஷமானது. அங்கே ஜனங்கள் மலைச் சரிவில் குடைந்த குகைகளில் ஆடு மாடுகளுடன் வசித்தார்கள். தேசத்துக்கே அவமானம் என்று சொல்லி, 1952-இல் சட்டம் செய்து, சுமார் 15,000 பேரை வெளியேற்றிப் புது வீடுகளில் குடியேற்றினார்கள். குகைகள் வெறிச்சோடின. 1993-இல் அதே குகைகள் உலகப் பாரம்பரியமாயின. 2019-இல் மதேரா ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகரமாக விளங்கிற்று. இன்று அந்தக் குகையில் ஓர் இரவு தங்கப் பிரபுக்கள் பணம் கொடுக்கிறார்கள். குகைகள் பிழைத்தன, அவற்றில் இருந்த குடும்பங்களின் வாழ்க்கை திரும்பவில்லை.

ஆனால் அந்த தேசத்தார் புத்திசாலித்தனமான காரியம் ஒன்றும் செய்திருக்கிறார்கள். 1985-இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். குடியானவன் தன் பண்ணை வீட்டில் விருந்தினரை வைத்துச் சம்பாதிக்கலாம். ஆனால் விவசாயமே அவனுடைய பிரதான தொழிலாக இருக்க வேண்டும். ஆலிவ் மரமும் திராட்சைக் கொடியும் முதலில், விருந்தினர் பிறகு. விருந்தாளிக்குக் காட்டுவதற்காக வைத்த பண்ணைக்கும், பண்ணை நடப்பதால் விருந்தாளியும் வந்து தங்குவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறதல்லவா?

நாம் செய்யத் தக்கது

செட்டிநாட்டிலும் இப்போது விழிப்பு ஏற்பட்டிருக்கிறது. காரைக்குடியில் ஒரு குடும்பத்தாரின் பழைய பங்களா 1999-இல் விடுதியாயிற்று. கானாடுகாத்தானில் தந்தை மகளுக்காகக் கட்டிய 'விசாலம்' என்ற மாளிகை விடுதியாக நடக்கிறது. கோத்தமங்கலத்தில் 'சாரதா விலாஸ்' என்ற வீட்டைப் பிரெஞ்சு தேசத்துக் கட்டடக் கலைஞர் இருவர் செப்பனிட்டு விருந்தினர் இல்லமாக்கினார்கள். 2014-இல் செட்டிநாட்டுக் கிராமங்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. நம் வீட்டின் அருமையை அயலார் வந்து சொல்லும்படி வைத்துக்கொண்டோமே என்று சற்றே வெட்கமாயிருந்தாலும், யார் சொன்னாலும் நல்லது நல்லதே.

ஆயினும் விடுதிகளின் எண்ணிக்கை பெருகுவதாலேயே வீடுகள் பிழைத்துவிடும் என்று நமக்குத் தோன்றவில்லை. எங்கள் அபிப்பிராயம் இது: வீட்டுக்குடையவர்களில் ஒருவராவது அங்கே விளக்கேற்றி வாழ வேண்டும். இந்திய சர்க்காரின் வீட்டு விருந்துத் திட்டமும், வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் வசிக்க வேண்டும் என்றும், ஆறு அறைகளுக்குமேல் விடக் கூடாது என்றும்தான் விதிக்கிறது. அந்த விதியில் பொருள் இருக்கிறது. ஆள் இல்லாத மாளிகையில் நூறு விருந்தினர் தங்கினாலும் அது அலங்காரமான ஹோட்டலே. ஆச்சி கோலம் போடுகிற வாசலில் மூன்று பேர் தங்கினாலும் அது வீடு. கலியாணமோ, கோயில் திருவிழாவோ வந்தால் அந்த வாரத்துக்கு விருந்தினர் எவரையும் ஆச்சி ஏற்பதில்லை. பங்காளிகள் எல்லோரும் வந்து இறங்குவார்கள். வருஷத்தில் அந்தச் சில நாட்களுக்காகத்தான் மற்ற நாட்களின் வாடகை என்று அவர் நினைக்கிறார். இத்தாலியச் சட்டம் எழுத்தில் வைத்ததை இவர் வழக்கத்தில் வைத்திருக்கிறார்.

இரண்டாவதாக, பங்காளிகள் தங்களுக்குள் எழுத்து மூலமாக ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அறை அவரவருடையதாகவே இருக்கட்டும். கூரை மட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். சாவி எத்தனை தூரத்தில் இருந்தாலும், மழைக்குமுன் அறையைத் திறந்து பார்க்க ஊரில் ஒருவருக்கு அதிகாரம் இருக்கட்டும். மழைத் தண்ணீருக்குப் பங்குப் பிரிவினை தெரியாது.

மூன்றாவதாக, அங்கே போகிற நமக்கும் கடமை உண்டு. தரைக்கு ஆத்தங்குடிக் கல், உடைக்குக் கண்டாங்கிச் சேலை, பலகாரத்துக்கு உள்ளூர்ச் சமையற்காரர் என்று ஊரின் கைத்தொழிலுக்கு நம் பணம் போய்ச் சேரும்படி செலவழிக்க வேண்டும். பழம்பொருள் கடையில் ஒரு கதவு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படக் கூடாது. வாங்குகிற கை இருக்கும் வரையில் இடிக்கிற கையும் இருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடக்க வேண்டும். அது மரியாதையும் ஆகும், கல்லுக்கு மெருகும் ஆகும்.

நான்காம் நாள் காலையில் கணக்கைத் தீர்த்தோம். ஆச்சி பெண்களுக்கு வெற்றிலை பாக்கும், பிள்ளைகளுக்கு ஒரு டப்பா தேன்குழலும் கொடுத்தார். அந்தத் தேன்குழல் கணக்கில் எழுதப்படவில்லை. சிங்கப்பூருக்குக் கடிதம் எழுதியிருப்பதாகவும், தை பிறந்தால் தென்கோடி அறையின் சாவி வரக்கூடும் என்றும் காரியஸ்தர் சொன்னார்.

வாசகர்களில் பலருக்கு எங்கேயோ ஒரு கிராமத்தில் தாத்தா கட்டிய வீடு ஒன்று இருக்கும். அது செட்டிநாட்டு மாளிகையாக இருக்க வேண்டியதில்லை. இரண்டு தூணும் ஒரு முற்றமும் உள்ள ஓட்டு வீடாக இருந்தாலும் போதும். அதன் சாவி இப்போது யாரிடத்தில் இருக்கிறது என்று அடுத்த மழைக்குமுன் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள்.